பொனற்றில் காய்ந்த பூச்சிக் கறை

மழைக்காலத்தில் ஏ-9 வீதியால் இரவில் யாழ்ப்பாணம் வந்தால், காரின் முன்பக்கம் முழுவதும் பூச்சிகள் அப்பிக்கிடக்கும். அவற்றின் உடற்சாறு பெயின்ற்றை அரிக்கக்கூடியது. வெயிலில் காய்ந்தால் கறை உள்ளிறங்கிவிடும். ஆகவே மறுநாள் காலையிலேயே, பொனற் சூடேறுமுன், நிழலில் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.

கார் ஷாம்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் பழைய துவாயை நனைத்துக் கறையின் மேல் 10 நிமிடம் போர்த்திவிடுவேன். துவாய் காயக்கூடாது. ஊறிய சிறகும் காலும் விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். மீதியை மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல ஒற்றி எடுப்பேன். தேங்காய்த் தும்பைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், கீறிவிடும். விடாப்பிடியான கறைக்கு இன்னொருமுறை ஊறவைப்பதுதான் வழி.

எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். உடனே துடைத்துவிட வேண்டும். பிறகு மெழுகு பூசிவைத்தால், அடுத்த பயணத்தில் ஒட்டும் பூச்சிகள் இலகுவில் கழன்றுவிடும்.