வைக்கோலிலிருந்து எதனோல்: மதுவத்தின் நொதியங்களை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும் அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிவதைப் பார்த்து வளர்ந்த திருகோணமலை மாணவர் ஒருவருக்கு, அதிலிருந்து எதனோல் எடுக்கும் எண்ணம் தோன்றுவது இயல்பே. வைக்கோலின் செலுலோசு குளுக்கோசாகவும், எமிசெலுலோசு பெரும்பாலும் சைலோசு என்ற மற்றொரு வெல்லமாகவும் உடைகின்றன. வெதுப்பகங்களில் பயன்படும் மதுவம் குளுக்கோசை விரைவாக எதனோலாக்கும். சைலோசை இயல்பாக நொதிக்கச் செய்யாது. ஆகவே சைலோசை மாற்றும் நொதியங்களுக்குரிய, வேறு உயிரிகளின் பரம்பரையலகுகளை அதனுள் புகுத்துகிறார்கள். தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

நொதியத்தின் அளவைக் கூட்டினால் எதனோலும் கூடும் என நம்புவது அவற்றுள் பொதுவானது. சைலோசிலிருந்து உண்டாகும் சைலுலோசுடன் பொசுபேற்றைச் சேர்க்கும் சைலுலோசுக் கைனேசு என்ற நொதியம் அளவு மீறினால், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபி வீணாகி, சைலோசில் மதுவத்தின் வளர்ச்சியே குன்றிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, நொதியங்களுக்குத் துணைநின்று இலத்திரன்களைக் கடத்தும் துணைநொதியங்களைக் கணக்கில் எடுக்காமை. சைலோசைச் சைலிற்றோலாக்கும் சைலோசு இரிடக்டேசு, என்ஏடிபிஎச் என்ற துணைநொதியத்தையே பெரிதும் நாடுகிறது. அடுத்து, சைலிற்றோலைச் சைலுலோசாக்கும் சைலிற்றோல் டீஐதரசனேசோ என்ஏடி என்ற வேறொரு துணைநொதியத்தை எடுத்து என்ஏடிஎச்சை விடுகிறது. ஒட்சிசன் குறைந்த நொதித்தல் பாத்திரத்தில் அந்த என்ஏடிஎச்சை மீண்டும் ஒட்சியேற்ற வழி போதாமையால், சைலோசு எதனோலாகாமல் சைலிற்றோலாகத் தேங்குகிறது. இரிடக்டேசின் 270ஆம் இடத்திலுள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்தை ஆர்ஜினீனாக மாற்றி அந்த நாட்டத்தைத் தணிப்பது ஒரு தீர்வு. துணைநொதியமே வேண்டாமல் சைலோசை நேரே சைலுலோசாக்கும் சைலோசு ஐசோமரேசைப் பயன்படுத்துவது மற்றொன்று. 2003இல் மதுவத்தில் வெற்றிகரமாகச் செயற்பட்டதாக வெளியிடப்பட்ட அத்தகைய நொதியம், யானைச் சாணத்திலிருந்து பிரிக்கப்பட்ட பைரோமைசிசு என்ற பங்கசுக்கு உரியது. யானையை வயலின் பகையாகவே அறிந்த கந்தளாய் விவசாயிக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் சைலிற்றோல் இந்த ஐசோமரேசைத் தடுக்கும் என்பதால், சைலோசைச் சைலிற்றோலாக்கும் மதுவத்தின் சொந்த அல்டோசு இரிடக்டேசை நீக்காமல் விடுவதும் தவறே.

சைலோசு மட்டும் உள்ள கரைசலில் கிடைத்த நல்ல முடிவோடு நிறைவு கொள்வதும் கூடாது. இரு வெல்லங்களும் ஒரே கடத்திப் புரதங்களின் வழியே கலத்துள் நுழைவதால், குளுக்கோசு தீரும்வரை சைலோசு பெரும்பாலும் வெளியிலேயே காத்திருக்கும். இதற்குக் கடத்தியையே மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் நொதியத்தை எவ்வளவு திருத்தினாலும் பயன் சிறிது. அதேபோல, அமிலத்தால் பதப்படுத்திய வைக்கோற் சாற்றில் மதுவத்தைத் தடுக்கும் அசற்றிக் அமிலமும் பர்பியூராலும் இருக்கும். தூய ஊடகத்தில் செழித்த மதுவம் அவற்றின் நடுவே தளர்ந்துபோகக்கூடும் என்பதால், சோதனையை அந்தச் சாற்றிலேயே செய்ய வேண்டும்.

விளைச்சலைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. ஒரு கிராம் வெல்லத்திலிருந்து கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 0.51 கிராம் எதனோல். மதுவம் பயன்படுத்திய வெல்லத்தை மட்டும் வைத்து விகிதம் சொன்னால், பாதிச் சைலோசு தொடப்படாமல் கிடந்தாலும் எண் அழகாகவே தெரியும்; கொடுத்த வெல்லம் முழுவதையும் வைத்து இன்னொரு விகிதமும் தரப்பட வேண்டும். வெப்பமான ஆய்வுகூடத்தில் சரியாக மூடாத குடுவையிலிருந்து எதனோல் ஆவியாகும் என்பதால், மதுவமிடாமல் அறிந்த அளவு எதனோல் சேர்த்த குடுவையொன்றையும் அருகில் வைத்து அந்த இழப்பை அளந்துகொள்வது நல்லது.