தொல்லியல் படிக்க ஆசையா? கறுவாத்தோட்டத்தில் தொடங்குங்கள்

"நாங்கள்தான் இந்தத் தீவின் மூத்த குடி" என்று நிரூபிக்கத்தான் தொல்லியல் பக்கம் வருகிறீர்கள் என்றால், அந்த ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விடையை முதலே முடிவு செய்தவருக்கு எந்தப் பானை ஓட்டுத்துண்டைக் காட்டினாலும் அதே விடைதான் தெரியும்.

கொழும்பில் இருப்பவருக்குத் தொடக்கம் சுலபம். கறுவாத்தோட்டத்தில் 1877 முதல் இருக்கிற தேசிய நூதனசாலைக்குப் போங்கள், ஆனால் ஒரே நாளில் கண்டி அரசரின் சிம்மாசனம் வரை எல்லாம் பார்த்துவிட வேண்டாம். முதல் தடவை கற்காலப் பொருட்களோடு நின்றுவிடுங்கள். குவார்ட்ஸ் கல்லில் தட்டியெடுத்த நுண்கற்கருவிகள் நகத்தளவுதான் இருக்கும், உடைந்த சல்லி என்று தாண்டிப் போய்விடுவோம். குருவிட்டைப் பக்கத்து பட்டதொம்பலென குகையில் இவை 30,000 ஆண்டுகளுக்கும் பழைய மண்ணடுக்கில் கிடைத்திருக்கின்றன. கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய் வரையுங்கள். போனில் படம் எடுத்தால் கை பார்க்கும், கண் பார்க்காது.

அப்புறம் ஒவ்வொரு பொருளிடமும் கேளுங்கள்: எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து? பாதிப் படிப்பு இதுதான். அநுராதபுரத்தில் பிராமி என்ற பழைய எழுத்து கீறிய பானை ஓடுகள் இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம், அவை கிடைத்த அடுக்கைக் கார்பன் முறையில் கணித்தபோது அசோகருக்கு முந்திய காலம் வந்ததுதான்; அவருடைய சாசனங்கள்தான் மிகப் பழைய பிராமி என்று அதுவரை நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த, பிராமி எழுத்துள்ள ஆனைக்கோட்டை முத்திரையும் அப்படித்தான், பெருங்கற்காலப் (இரும்பு புழங்கத் தொடங்கிய பழைய காலம்) புதைகுழி ஒன்றில் கிடைத்ததால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. நான் மாணவனாக இருந்தபோது யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் கறுப்பு-சிவப்பு ஓடு ஒன்றைப் பொறுக்கி ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். "சரி, எந்த இடத்தில் கிடந்தது?" என்று சேர் கேட்டார், முழித்தேன். அன்றைக்கு அது வெறும் ஓடாகிவிட்டது.

நூதனசாலையில் இருக்கிற காலி மும்மொழிக் கல்லையும் தவறவிடாதீர்கள். 1409 என்று தேதியிட்ட சீனக் கப்பற்படைத் தளபதியின் சாசனம், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு (தெவிநுவரைக் கோயில் விஷ்ணு), சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. 1911இல் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது! கல் கிடந்த இடமும் கல் நாட்டிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பிராமி எழுத்தை ஒரு மாதத்தில் படிக்கலாம், குகைச் சாசனங்கள் ஒன்றிரண்டு வரிதான், அதிலிருந்து பழகுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் பாதி அறிக்கைகள் கைக்கு எட்டாது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, படித்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ்க் கட்டுரைகளுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது, வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் பௌத்தாலோக மாவத்தையில் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தை விசாரிக்கலாம்.

மண்வெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். வளவில் ஏதாவது தெரிந்தால் அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பொருளை அசைக்க வேண்டாம்.