மாதிரி ரயிலை முதலில் ஓடவிடுங்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

1990 இல் கிளிநொச்சியில் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் திரும்பி வந்தது. இடையில் வளர்ந்த எங்களுக்குத் தண்டவாளம் என்றால் பதுங்குகுழிக்கு மேலே போட்ட இரும்பு, சிலிப்பர் கட்டை என்றால் அதில் அடுக்கிய மரம். அதனாலோ என்னவோ, வன்னியில் மாதிரி ரயில் ஆசை பிடித்தவர்களுக்கு அது சாதாரண விளையாட்டாக இருப்பதில்லை. வெளிநாட்டு உறவு ஒருவர் ஒரு ரயில் செற் அனுப்பிவிட்டால் போதும், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய பழைய யாழ்தேவியையும் பழைய ஸ்ரேசனையும் அச்சொட்டாகக் கொண்டுவர வேண்டும் என்று மனம் கேட்கும். பலருடைய ரயில் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

என்னுடையதும் நின்றது. லண்டனில் இருந்து சித்தப்பா அனுப்பிய, ஹோர்ன்பி என்ற பிரித்தானிய நிறுவனத்தின் மாதிரி ரயில் செற் ஒன்றரை வருடம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. பழைய கிளிநொச்சி ஸ்ரேசனின் தெளிவான படம் ஒன்று கிடைக்கட்டும், பிறகு தொடங்குவோம் என்று வைத்திருந்தேன். எங்கள் வீட்டு அல்பங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. அப்பாவைக் கேட்டால் கூரை ஓடு என்றார். பெரியப்பாவோ தகரம் என்றார். டிக்கெற் கொடுக்கும் யன்னல் எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் வாக்குவாதமே வந்தது. கடைசியில் சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டி, கிளிநொச்சி என்று எழுதி ஒட்டி, வட்டமாகப் பூட்டிய பாதைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரயில் இரண்டு சுற்றுப் போனதும் அப்பா சொன்னார்: "கூரையை விடு. கோச்சி ஓடுது, அது காணும்."

அன்றைக்கே தொடங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். படம் பிறகும் வரலாம். மட்டை ஸ்ரேசனை எந்த நாளும் மாற்றலாம். ஓடாத ரயிலுக்கு நல்ல ஸ்ரேசன் கட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது.

அளவுக் கணக்கில் சிக்கிக்கொள்வது

ஹோர்ன்பி செற்றில் ஓஓ (OO) என்று போட்டிருக்கும். 1:76 அளவு, அதாவது உண்மையின் 76 இல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். பிரித்தானியாவின் உண்மையான பாதை 1435 மில்லிமீற்றர் அகலம். கணக்குப் போட்டால் மாதிரியில் 18.8 வர வேண்டும். அதாவது இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஒடுங்கல். தொடக்க காலத்து மோட்டார்கள் பிரித்தானிய எஞ்சின்களின் சிறிய உடம்புக்குள் அடங்கவில்லை. ஆகவே பாதையை 1:87 க்கு உரிய 16.5 இலேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் 1:76 க்குப் பெருப்பித்தார்கள். அந்தப் பிழை அப்படியே நிலைத்துவிட்டது. அந்த நாட்டில் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் அதில்தான் சந்தோசமாக ஓட்டுகிறார்கள்.

எங்கள் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், 1:76 இல் 22. பெட்டியில் வந்த பாதையை வைத்துக்கொண்டு இதைத் திருத்த வழியில்லை. சில்லு, அச்சு, தண்டவாளம் எல்லாம் கையால் செய்ய வேண்டிவரும். அதைச் செய்கிற திறமையும் பொறுமையும் உள்ளவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம். எஞ்சினும் அப்படித்தான். யாழ்தேவி என்றதும் பலருடைய கண்ணுக்குள் நிற்பது 1954 இல் இருந்து வந்த, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர் சூட்டிய கனடா எஞ்சின். எனக்கு வந்ததோ பிரித்தானியச் சிறு நீராவி எஞ்சின். பெட்டிகளுக்கு மட்டும் செங்கபில நிறம் அடித்தேன். பார்க்கிறவர்கள் அதை யாழ்தேவி என்றே கூப்பிடுகிறார்கள்.

நீளத்திலும் உண்மையைத் தேடவேண்டாம். கிளிநொச்சியில் இருந்து பரந்தன் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். 1:76 இல் அது 65 மீற்றர், ஒரு வளவே காணாது. இருபது மீற்றர்ப் பெட்டி 26 சென்ரிமீற்றர் வரும். பத்துப் பெட்டி கோத்தால் ரயில் பலகையைச் சுற்றித் தன் வாலையே பிடிக்கும். மூன்று பெட்டி அழகு. பனையும் அப்படியே: இருபது மீற்றர்ப் பனையைச் சரியான அளவில் நட்டால் ரயில் பனைக்குள் மறைந்துபோகும். பாதி உயரத்தில் வையுங்கள், கண் ஏற்றுக்கொள்ளும்.

பாதையை அவசரமாக அறைவது

செற்றில் வரும் வளைவு பொதுவாக 438 மில்லிமீற்றர் ஆரை. வட்டத்துக்கு ஒரு மீற்றர் அகலம் வேண்டும். 8×4 அடிப் பிளைவூட்டை 6×4 ஆக வெட்டினால் ஒரு நல்ல முட்டை வட்டம் அடங்கும். வீட்டில் இடமில்லை என்றால் 9 மில்லிமீற்றர்ப் பாதையில் ஓடும் 'N' என்ற சிறிய அளவு இருக்கிறது, அதற்கு இரண்டு அடிக்குச் சற்று மேற்பட்ட அகலமே போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை மட்டும் வேண்டாம். மாரியின் ஈரத்தில் ஊதிவிடும்.

இருக்கிற இடம் முழுவதையும் தண்டவாளத்தால் நிரப்புவது நான் அதிகம் பார்க்கும் தவறு. பாதை பிரிகிற ஒவ்வொரு பொயின்ற்றும் பெட்டி கவிழக்கூடிய ஒரு இடம். ஒரு சுற்றும் ஒரு பக்கப் பாதையும் இருந்தால் ஒரு வருடம் அலுக்காது. பாதையைப் பூட்டியதும் ஆணி அறையவேண்டாம். ஒரு கிழமை சும்மா ஓட்டிப் பாருங்கள். பெட்டி ஒரே இடத்தில் துள்ளினால் அந்த மூட்டில் விரலை வைத்துத் தடவுங்கள், ஒரு முனை மற்றதை விட உயர்ந்திருக்கும். பலகை வெயில் படும் அறையில் இருந்தால், மூட்டுகளை இறுக்கித் தள்ளாமல் இடையிடையே ஒரு மில்லிமீற்றர் விடுங்கள். வன்னியின் சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும், இடம் இல்லாவிட்டால் பாதை நெளியும்.

தூரத்தில் போகும்போது எஞ்சின் களைத்தால் மோட்டாரைக் கழற்றவேண்டாம். பெரும்பாலும் குறை மின்சாரத்தில்தான் இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் வயர் கொடுத்திருந்தால், எதிர்ப்பக்கத்திலும் ஒரு சோடி வயர் கொடுங்கள். எந்தத் தண்டவாளத்துக்கு எந்த நிற வயர் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கிடைத்த மண்ணை அள்ளிப் போடுவது

பாதைக்கு நடுவில் போடும் சல்லிக்கு எங்கள் மண்ணே போதும் என்று தோன்றும். செம்மண்ணை அரித்துப் போட்டால் நிறம் அப்படி ஒரு அழகு. ஆனால் கடற்கரை மண் எடுக்கும்போது கவனம். புல்மோட்டையில் இல்மனைற் என்ற கனிமம் எடுக்கிற கறுப்பு மணல் கொக்கிளாய்ப் பக்கமும் கலந்து கிடக்கிறது. எஞ்சின் மோட்டாருக்குள் காந்தம் உண்டு. கறுப்பு மணலில் இரும்புச் சத்துள்ள துணிக்கைகளை அது இழுத்துக்கொண்டால் மோட்டார் அரைபட்டுப் போகும். எந்த மண்ணாக இருந்தாலும் பழைய ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்றைக் கடதாசியில் சுற்றி மண்ணுக்குள் உருட்டுங்கள். ஒட்டுவதை எல்லாம் எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவியுங்கள்.

ஒட்டுவதற்குப் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையும் தண்ணீரும் பாதிப் பாதி, அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். பொயின்ற் அசையும் இடத்தில் ஒரு சொட்டும் விழக்கூடாது. பாதை ஒரு மாதமாவது குறையில்லாமல் ஓடிய பிறகே ஒட்டுங்கள். ஒட்டியதைக் கிளப்புவது பெரிய பாடு.

புழுதிக்குப் பழைய சேலைத் துணியை மேலே விரியுங்கள். தண்டவாளத்தை ஐசோபிரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். மண்தாள் போட்டு உரஞ்சினால் கீறலுக்குள் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பலகையின் கால்களைக் கறையானுக்காக மாதம் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளைத் தள்ளி வைப்பது

இதை நான் மனம் வருந்திச் சொல்கிறேன். முதல் சில மாதங்கள் என் மகளைப் பலகைக்குக் கிட்ட விடவில்லை. ஏதாவது உடைந்துவிடும் என்ற பயம். ஒருநாள் மின்சாரம் நின்று ரயில் நடுவழியில் நின்றபோது அவள் மெல்ல வந்து, தீப்பெட்டியில் செய்த குட்டிக் கோயில் ஒன்றைப் பாதைக்குப் பக்கத்தில் வைத்தாள். முறிகண்டிப் பிள்ளையாராம். அளவுப்படி பார்த்தால் கோயிலை விடப் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் பெரிது. நான் அதை மாற்றவில்லை. ஏ9 இல் போகிற வாகனங்கள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற இடம் அது. இப்போது எங்கள் ரயிலும் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நிற்கிறது. கச்சான் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகே நான் கைபிடியைத் திருப்புகிறேன்.