கோபுரத்துக்கு எத்தனை தட்டுகள்? ஓ'கானல் முறையில் செயல்திறனைக் கணித்தல்

கலவையைக் கொதிநிலை வேறுபாட்டால் பிரிக்கும் வடிப்புக் கோபுரத்தின் ஒவ்வொரு தட்டிலும் மேலேறும் ஆவியும் கீழிறங்கும் திரவமும் முழுச் சமநிலையை எட்டிவிடும் என்று கொண்டே, தேவையான தட்டுகளைப் படிகளாக வரைந்து காணும் மெக்கேப்–தீல் வரைபடத்தில் படிகளை எண்ணுகிறோம். உண்மையான தட்டில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே கூடுதல் தட்டுகள் தேவைப்படுகின்றன. வரைபடப் படிகளின் எண்ணிக்கையை உண்மைத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே கோபுரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன். கோபுரம் எழுவதற்கு முன்பே அதை மதிப்பிட, 1946-இல் ஓ'கானல் தந்த வரைபடம் பிற்காலத்தில் இந்தச் சமன்பாடாக மாறியது:

செயல்திறன் = 0.492 ÷ (சார்பு ஆவியாகுதிறன் × பாகுத்தன்மை)^0.245

பென்சீனையும் டொலுவீனையும் வளிமண்டல அழுத்தத்தில் பிரிப்பதாகக் கொள்வோம்.

படி 1: உச்சியில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ், அடியில் 111, சராசரியை 95 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அந்த வெப்பநிலையில் பென்சீனின் ஆவியழுத்தம் சுமார் 1,177 மி.மீ. பாதரசம், டொலுவீனுடையது 477. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சார்பு ஆவியாகுதிறன் 2.47.

படி 3: கோபுரத்துக்குள் செலுத்தும் கலவையின் திரவப் பாகுத்தன்மையை அதே 95 டிகிரியில் பாருங்கள், ஏறத்தாழ 0.27 சென்டிபாய்ஸ். சமன்பாட்டில் பாகுத்தன்மையைச் சென்டிபாய்ஸில்தான் இட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். அட்டவணையில் பாஸ்கல்-வினாடியில் உள்ள 0.00027-ஐ அப்படியே போட்டால் விடை 295 சதவீதம் என்று வரும்; அந்த அபத்தமே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். 25 டிகிரிக்குரிய மதிப்பைப் போடுவதோ வெளியே தெரியாத பிழை: பாகுத்தன்மை இரு மடங்குக்கு மேலாகி, விடை நம்பத்தக்க 45 சதவீதமாக வந்து நிற்கும்.

படி 4: 2.47 × 0.27 = 0.667. சமன்பாட்டில் இட்டால் செயல்திறன் 0.543, அதாவது 54 சதவீதம்.

படி 5: வரைபடத்தில் 14 படிகள் வந்தன என்றால், அதில் ஒன்று ரீபாய்லருக்குரியது (அடியில் திரவத்தைக் கொதிக்கவைக்கும் கலன்; அதுவே ஒரு படியின் வேலையைச் செய்கிறது), அதைக் கழித்துவிடுங்கள். 13-ஐ 0.543-ஆல் வகுக்க 23.9 வரும், 24 தட்டுகள் வேண்டும்.

சமன்பாட்டின் அடுக்கெண் (0.245) சிறியது என்பதால், பாகுத்தன்மை 20 சதவீதம் கூடினாலும் செயல்திறன் நான்கைந்து சதவீதமே குறையும். சார்பு ஆவியாகுதிறனில் நேரும் பிழையோ வரைபடப் படிகளின் எண்ணிக்கையையே மாற்றிவிடும். உங்கள் உழைப்பை அங்கே செலவிடுவதுதான் மேல் என்பது என் கருத்து.

தட்டின் துளை வழியே திரவம் ஒழுகுவதையோ கோபுரம் வெள்ளக்காடாவதையோ இந்தச் சமன்பாடு அறியாது. அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும். எத்தனால்–நீர் போன்ற கலவைகளில் சார்பு ஆவியாகுதிறன் உச்சிக்கும் அடிக்கும் இடையே பெரிதும் மாறுவதால், ஒரே சராசரியை நம்பாமல், கலவை நுழையும் தட்டுக்கு மேலும் கீழும் தனித்தனியே கணக்கிடுங்கள்.