உப்பளத்தில் தொடங்குங்கள்: இலங்கையில் வானுயிரியல் ஆய்வுக் குழு

1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை மறு ஆண்டு அறிவித்த குழுவுக்குத் தலைவர், காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும. பூமிக்கு வெளியே உயிர் இருக்க முடியுமா என்று ஆராயும் வானுயிரியலுக்கு அந்தத் தடம் இங்கே இருக்கிறது. ஆனால் வெறும் சொற்பொழிவுகளை வைத்து ஆள் சேர்த்தால் சில கூட்டங்களிலேயே கலைந்துவிடும். கையில் ஒரு சோதனை இருந்தால்தான் நிற்பார்கள்.

ஐந்தாறு பேர் போதும்: நுண்ணுயிரியலாளர், வேதியியல் ஆய்வுகூட உதவியாளர், புவியியல் மாணவர், அவசியம் ஓர் உப்பளத் தொழிலாளி. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால் எந்தப் பாத்தி எப்போது சிவக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை எதுவானாலும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உஸ்ஸங்கொடவின் பாம்புக்கல் (செர்ப்பன்டைன் பாறை) மண்ணும் அருமையான களம்தான், ஆனால் அது தேசியப் பூங்கா. அதைப் பிறகு பார்க்கலாம். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி அனுமதி வேண்டும். அது கைக்கு வருமுன் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உப்பு படியும் பாத்தியில், 25 டிகிரி பாமேக்கு (உப்பு நீரின் அடர்த்தி அளவு) மேல் ஏறிய இளஞ்சிவப்பு நீரில் 50 மி.லி. எடுங்கள். மூன்று பாத்தி, பாத்திக்கு இரண்டு குழாய். நேரம், வெப்பம், டிகிரி மூன்றையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

நுண்ணுயிரை வளர்க்கும் ஒரு லீட்டர் ஊடகத்துக்கு: சோடியம் குளோரைட்டு 250 கிராம், நீரேறிய மக்னீசியம் சல்பேட்டு 20, டிரைசோடியம் சிட்ரேட்டு 3, பொட்டாசியம் குளோரைட்டு 2, பெப்டோன் 10, அகர் 20, பிஎச் சுமார் 7.2. சில பெப்டோன்களில் பித்த உப்பு கலந்திருக்கும், அது இந்த நுண்ணுயிர்ச் செல்களை உடைத்துவிடும், வாங்கும்போதே கேளுங்கள். மாதிரி பரப்பிய தட்டுகளை ஜிப் பையில் மூடி 40 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வையுங்கள். பை இல்லாவிட்டால் அகர் காய்ந்து உப்புப் பூத்துவிடும்.

தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லையா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மாதிரியை வடிநீரில் ஐதாக்கியிருப்பார்கள். உப்பு குறைந்ததும் செல் வெடித்துவிடும். 25 சதவீத உப்புக் கரைசலில் ஐதாக்குங்கள். தட்டில் முளைக்கும் சிவப்புக் குடியிருப்பு (நுண்ணுயிர்க் கூட்டம்) எல்லாம் ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர் வகை) என்றும் எழுதிவிடாதீர்கள். சலினிபாக்டர் என்ற பாக்டீரியாவும் சிவப்புத்தான். நுண்ணுயிர் இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசைதான் தீர்க்கும்.

வானுயிரியல் இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. செவ்வாயின் தென் மேட்டுநிலங்களில் குளோரைட்டு உப்புப் படிவுகள் இருப்பது 2008இல் தெரியவந்தது. உப்புக்குள் உயிர் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, உங்கள் செல்களை உப்புப் படிகத்துக்குள் அடைத்து, பாதியைப் புறஊதா விளக்கின் கீழும் பாதியை அதே பெட்டியில் இருட்டிலும் வையுங்கள். ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் கரைத்து, முளைப்பவற்றை எண்ணுங்கள். 254 நானோமீட்டர் கதிர் சாதாரணக் கண்ணாடியையோ பிளாஸ்டிக் மூடியையோ தாண்டாது. மூடியோடு வைத்துவிட்டு "தாங்குகிறது" என்று முடிவு கட்டினால் அது பொய். கண்ணுக்கும் தோலுக்கும் காப்பு கட்டாயம்.

ஒரே செய்முறையைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒவ்வொருவருக்கும் ஒரு தொகுதிப் படிகத்தைக் கொடுங்கள். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் மாதமே பேசி முடியுங்கள். பட்டம் முடிந்ததும் மாணவர் வெளிநாடு போவார். அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் இருந்த வளர்ப்பு யாரும் கவனிக்காமல் செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு வளர்ப்பும் இரண்டு ஊர்களில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும்.