போத்தல் ஒழுகினால் அமுக்கத்தைக் கூட்டாதீர்கள்: மூடி அழுத்தும் மெசினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுசுட்டான் பக்கம் நல்லெண்ணெய் அடைக்கும் அக்கா ஒருவர் கைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மூடி எல்லாம் இறுக்கமாத்தான் நிக்குது. ஆனா கடைக்குப் போன பெட்டியெல்லாம் எண்ணெயாக் கிடக்குதாம்." போய்ப் பார்த்தேன். காற்றமுக்கம் 8 பாரில் நின்றது. மெசின் பூட்டிய நாளில் நான் 5-இல் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒழுகிய ஒவ்வொரு முறையும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கிறார்கள். மூடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு.

உண்மையான கோளாறு அமுக்கத்தில் இல்லை. போத்தலைக் கழுத்து விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள்.

பரந்தனில் இருந்து நெடுங்கேணி வரை எண்ணெய், தேன், தண்ணீர்க் கான், பழரசம் என்று சின்ன அளவில் அடைப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். ஒழுகினால் அமுக்கத்தைக் கூட்டு, மூடி கோணினால் அமுக்கத்தைக் கூட்டு, மூடி கழன்றால் இன்னும் கூட்டு. அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேற்றர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால் கை முதலில் அங்கேதான் போகிறது. நான் சொல்வது, அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். அந்த அக்காவின் மெசினில் மூடியை அழுத்துவது 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள காற்றுச் சிலிண்டர். 5 பாரில் அது ஏறத்தாழ 64 கிலோ பாரத்தோடு அழுத்தும். 8 பாரில் 102 கிலோ, அதாவது இரண்டு அந்தர். கழுத்தின் மேல் இரண்டு அந்தர் நெல் மூட்டையை வைத்த மாதிரி. மூடியின் உள்வரம்பு கழுத்தின் விளிம்பைத் தாண்டி 'டக்' என்று விழுந்தபிறகு, அதற்கு மேல் கொடுக்கும் பாரத்தால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பாரம் மூடியை வெடிக்க வைக்கும், கழுத்தை நசுக்கும், போத்தலின் தோளை வளைக்கும்.

விளிம்பு வரை நிரப்புதல்

எங்கள் ஆட்களுக்கு நிறை போத்தல் கொடுப்பதில் ஒரு மனநிறைவு உண்டு. வாங்குகிறவரும் கழுத்தைத்தான் பார்ப்பார். ஆனால் எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் 1000-இல் ஏறத்தாழ 0.7 பங்கு கூடும். காலையில் 28 பாகையில் 750 மில்லிலீற்றர் போத்தலை அடைக்கிறோம். மத்தியானம் ஏ-9 வீதியில் மூடிய லொறிக்குள் அது 43 பாகைக்கு வந்தால், எண்ணெய் கிட்டத்தட்ட 8 மில்லிலீற்றர் கூடிவிடும். உள்ளே இடம் இல்லை என்றால் அந்த எண்ணெய் மூடியைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். எந்த மூடியும் அதைத் தாங்காது.

இன்னொன்று, விளிம்பு வரை நிரம்பிய போத்தலில் மூடியை அழுத்தும் அந்தக் கணத்திலேயே உள்வரம்பு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய்க்குப் போக வழி கழுத்துக்கும் மூடிக்கும் நடுவேதான். அடைப்பு ஏற்பட வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும். தேன் என்றால் இன்னும் மோசம், அடுத்த நாள் பெட்டியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டும்.

750 மில்லிலீற்றர் விற்க வேண்டும் என்றால், விளிம்பு வரை 770 கொள்ளும் போத்தலை வாங்குங்கள். 755 கொள்ளும் போத்தலை வாங்கிவிட்டு மெசினைக் குறை சொல்லக் கூடாது.

இடம் விட்டு நிரப்பினாலும் ஒழுகுகிறதா? அப்புறம் பாருங்கள், கழுத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று. நிரப்பும் குழாய் கடைசித் துளியைக் கழுத்தில் விட்டால், மூடும் முன் சுத்தமான துணியால் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

போத்தல் ஓரிடம், மூடி ஓரிடம்

கொழும்பு எங்களுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மூடி முடிந்தால் அவசரத்துக்கு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிடைப்பதை வாங்குகிறோம். "28 மில்லிமீற்றர் மூடி" என்று கேட்டால் தருவார்கள். ஆனால் 28 என்பது ஒரே சாதி அல்ல. திருகு மூடிப் பிளாஸ்ரிக் போத்தல்களிலேயே பிசிஓ 1810 என்ற பழைய கழுத்தும் பிசிஓ 1881 என்ற கட்டையான புதிய கழுத்தும் இருக்கின்றன. முன்னையது சுமார் 21 மில்லிமீற்றர் உயரம், பின்னையது சுமார் 17. ஒன்றின் மூடி மற்றதில் ஏறுவது போலத் தெரியும், சரியாக இருக்காது. அழுத்தி மூடும் வகையில் இந்தப் பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. உள்வரம்பு அரை மில்லிமீற்றர் தவறினாலே ஒன்றில் மூடி பிடிக்காது, அல்லது பிளந்துவிடும்.

ஆகவே சாக்குக் கணக்கில் வாங்கும் முன் 20 மூடி மாதிரி கேளுங்கள். உங்களிடம் இருக்கும் 20 போத்தலில், உங்கள் மெசினில், உங்கள் எண்ணெயோடு மூடி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பழைய மூடியோடு புது மூடியைக் கலந்து மெசினில் கொட்டாதீர்கள். கலந்தால் எது பிழைத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

மூடிச் சாக்கை வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கொட்டிலின் கூரையடியில் வைத்த மூடி மத்தியானத்தில் இளகிக் கிடக்கும். இளகிய மூடி சுகமாக ஏறும், ஏறியதும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். கோணலாக ஏறினாலும் சத்தம் காட்டாமல் ஏறிவிடும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. கிரவல் ரோட்டுக்குப் பக்கத்தில் சாக்கைத் திறந்து வைத்தால் செம்புழுதியும் மூடிக்குள் போகும். சோளகக் காலத்தில் இதைச் சொல்லவே தேவையில்லை.

பழரசம் அடைப்பவர்களுக்கு ஒரு சொல். கொதிக்கக் கொதிக்கச் சாதாரண பெற் (PET) போத்தலில் ஊற்றாதீர்கள். பெற் பிளாஸ்ரிக் 70 பாகையைத் தாண்டியதும் இளகத் தொடங்கும். கழுத்து வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிட்டால், உலகத்தில் எந்த மெசினாலும் அதை மூட முடியாது. சூடாக நிரப்பவென்றே வெப்பம் தாங்கும் போத்தல் இருக்கிறது, அல்லது கண்ணாடிப் போத்தலுக்குப் போங்கள்.

19 லீற்றர் தண்ணீர்க் கான்

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீர் சுத்திகரித்துக் கானில் கொடுக்கும் இடங்கள் நிறைய. கான் திரும்பத் திரும்ப வரும் சாமான். லொறியில் உருண்டு, சீமெந்துத் தரையில் இழுபட்டு, கழுத்து விளிம்பில் வெட்டு விழுந்திருக்கும். புது மூடி போட்டாலும் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் கசியும். அங்கேயும் முதலில் அமுக்கத்தைத்தான் கூட்டுவார்கள். கழுவ எடுக்கும்போதே விரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விரலில் தட்டுகிற கானை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கானுக்கு மூன்று செக்கன் போதும்.

ஒரு முறை கழற்றிய மூடியைக் கழுவித் திரும்பப் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதன் கிழிப்பு நாடா போய்விட்டது, உள்வரம்பு இழுபட்டுவிட்டது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.

காற்று பொய் சொல்லும்

மெசின் சும்மா நிற்கும்போது காற்றமுக்க மானி 5 காட்டும். அழுத்துகிற நேரத்தில் எத்தனை காட்டுகிறது என்று பார்த்தீர்களா? ஒரு தண்ணீர் அடைக்கும் இடத்தில் காலையில் எல்லாம் சரி, பத்து மணிக்குப் பிறகு மூடி அரைகுறை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பத்து மணிக்குத்தான் பின்பக்கத்தில் கானைக் காற்றால் ஊதிக் காய வைக்கத் தொடங்குகிறார்கள். அதே கொம்பிரசர், அதே குழாய். ஊதுகிற நேரம் மெசினுக்கு 3 பார்தான் வந்துகொண்டிருந்தது. மெசினுக்குத் தனிக் குழாய் போட்டு, நடுவில் ஒரு சிறிய காற்றுத் தாங்கி வைத்த பிறகு பிரச்சினை தீர்ந்தது. அமுக்கத்தைக் கூட்டியிருந்தால் ஊதாத நேரத்தில் மூடிகள் உடைந்திருக்கும்.

கொம்பிரசர் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து ஒவ்வொரு நாளும் தண்ணீரை வெளியேற்றுங்கள். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, இரண்டு தரம் திறந்தாலும் தகும். அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போனால் சிலிண்டர் ஒரு தரம் ஓடும், ஒரு தரம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அழுத்தும் தலை வேகமாக இறங்கினால் உற்பத்தி கூடும் என்று நினைப்பதும் தவறு. தட்டுகிற தலை மூடியை ஒரு பக்கம் துள்ள வைக்கும். சிலிண்டரை விட்டு வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் தலை நிதானமாக இறங்கும். தலையின் உயரத்தையும் ஒரே போத்தலை வைத்துச் சரி செய்யாதீர்கள். ஒரு சாக்கில் பத்து எடுத்து நிறுத்தினால் உயரம் வித்தியாசப்படும். ஆகக் கட்டையானதில் மூடி முழுக்க இறங்க வேண்டும், ஆக உயரமானது வளையக் கூடாது. மெல்லிய போத்தல் என்றால் அடியில் தாங்கினால் போதாது, கழுத்தில் இருக்கும் வளையத்தின் கீழே கவை கொடுத்துத் தாங்குங்கள்.

கனடாவில் இருந்து வந்த மெசின்

வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ மச்சானோ அன்போடு அனுப்பிய மெசின்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற்று இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. பெல்ட்டை ஓட்டும் சாதாரண மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கூடவே சூடாகும். அனுப்பும் முன் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 50/60 என்று இருந்தால் ஹேர்ட்ஸ் பயம் இல்லை, வோல்ற்றை மட்டும் பார்த்தால் போதும். வெறும் 60 என்றால், மோட்டாரை இங்கே மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சோதிப்பது

போத்தலைக் கையில் எடுத்து ஒரு தரம் நசுக்கிப் பார்த்துவிட்டு "ஓகே அண்ணை" என்று சொல்வது சோதனை அல்ல. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஐந்து போத்தலை எடுங்கள். பழைய பத்திரிகைத் தாளில் படுக்கவைத்து அடுத்த நாள் காலை வரை விடுங்கள். எண்ணெய்க்கு இதைவிட நல்ல சோதனையை நான் காணவில்லை, ஊசி முனை அளவு கசிவும் தாளில் வட்டமாகத் தெரியும். எந்த மணித்தியாலத்துப் போத்தல், அப்போது மானி எத்தனை, எந்தச் சாக்கு மூடி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த அக்கா இப்போது அப்படித்தான் எழுதுகிறார். போன மாதம் ஒரு சாக்கு மூடி பிழை என்பதை லொறி ஏற்றும் முன்பே கண்டுபிடித்தார்.

கை

அழுத்தும் தலைக்குக் கீழே கையை விட்டு, கோணிய மூடியை நேராக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முன்கதவைத் திறந்தால் மெசின் நிற்க வேண்டும். அது தொந்தரவு என்று அந்தச் சுவிச்சை நாடாவால் கட்டி வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் அமர்த்த வேண்டிய பொத்தானில் ஒன்றுக்குத் தடி செருகியிருப்பார்கள். 40 மில்லிமீற்றர் சிலிண்டருக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை. நாடாவை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

கறண்ட் போனதும் பயமில்லை என்று உள்ளே கை விடுவதும் பிழை. கறண்ட் போனாலும் காற்று குழாய்க்குள் நிற்கும். கறண்ட் திரும்பி வரும் கணத்தில் வால்வு திறந்தால் தலை இறங்கும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு காற்று வால்வைப் பூட்டுங்கள், குழாயில் மிச்சம் நிற்கும் காற்றை வெளியே விடுங்கள். தலை மேலே நின்றால், காற்றை விட்டதும் அது தன் பாரத்திலேயே இறங்கக்கூடும், ஒரு மரக்கட்டையை அண்டை கொடுங்கள். மானியின் முள் பூச்சியத்தில் வந்து நின்ற பிறகு கையை விடுங்கள்.