ரத்தம் போனால் எல்லாமே மூலம் இல்லை

வேலூரில் வெயில் ஏறிவிட்டால் எதற்கும் சூடுதான் காரணம். மலத்தோடு ரத்தம் போனாலும் அப்படியே. முதலில் வெந்தயமும் மோரும். அப்புறம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' நோட்டீஸ். பெருங்குடல் புற்றுநோய் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும், சரி. ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? மூலம் இருப்பவருக்கே உள்ளே கட்டியும் இருக்கலாம். வயதான ஆணுக்கு ரத்தம் குறைந்திருந்தால் இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

'வலி இல்லையே, டெஸ்ட் எதற்கு' என்பது அடுத்த தவறு. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாற ஏறக்குறைய 10 வருடம் ஆகும். அதுவரை பெரும்பாலும் வலிக்காது. ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். முந்தைய நாள் பேதி மருந்து குடிப்பதுதான் கஷ்டம். டெஸ்டின்போது மயக்க ஊசி போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் 45 வயதிலிருந்தே பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். எப்போதாவது சாப்பிடும் ஆம்பூர் பிரியாணியை நான் குறை சொல்லவில்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி இரண்டும் சேர்ந்து, சமைத்த எடையில், வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. உப்புக்கண்டம், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலேயே சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும்.

அதைவிட எனக்கு வருத்தம், வட ஆற்காட்டுக்காரர்கள் களியை விட்டதுதான். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. களியும் கீரைக் கடைசலும் போன இடத்தில் மூன்று வேளையும் அரிசி வந்துவிட்டது. மாவை நைசாகச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டாலும் பலன் குறையும்.

பீடியும் சாராயமும் குடலையும் விடாது. உடல் எடையும் அப்படித்தான். காலையில் கோட்டையைச் சுற்றி நடப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, நோயை வீட்டுக்குள் மறைப்பது. அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தால் பிள்ளைகளிடம் 'வயிற்றில் புண்' என்றே சொல்லிவிடுகிறோம். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ வந்திருந்தால் பரிசோதனையை 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 45-ல் வந்தது என்றால் மகளுக்கும் மகனுக்கும் 35-ல். அந்த வயது பழைய ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கும். எடுத்துப் பார்த்து, பிள்ளைகளிடம் நோயின் பெயரோடு சொல்லிவிடுங்கள்.